மஞ்சள் தொப்பியும் என் பிரம்பும்

கூலாய் ஊரில் எங்கள் வீட்டில் பிரம்பு வைத்திருந்தவள் நான்தான். பிரம்பு என்றால், உடைந்துபோன ஒட்டடைக் குச்சியின் நுனி. பத்து வயது, ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல் மார்க். திமிருக்குக் கேட்கவா வேண்டும்?

அம்மா செனாய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். வெள்ளை என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை. மஞ்சள் என்றால் ஒரு வரிசைப் பெண்களை மேற்பார்க்கும் லைன் லீடர், நாற்காலி உண்டு. நின்று நின்று கால் நரம்பெல்லாம் புடைத்துப்போன அம்மாவுக்கு அந்த மஞ்சள் தொப்பி வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. மேனேஜரிடம் நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசினால் நல்லது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

நான் பொறுக்கியெடுத்த வாக்கியம், "ஐ ஆல்வேஸ் கோ தி எக்ஸ்ட்ரா மைல்." கேட்டதற்கு மேலேயே உழைப்பேன் என்று பொருள். அம்மா 'எஸ்ட்ரா' என்றார். மேசையில் ஓர் அடி. எழுதச் சொன்னால், மலாய்ப் பலகைகளில் பார்த்த பழக்கத்தில் எக்ஸுக்குப் பதில் கே, எஸ் என்று போட்டார். இன்னோர் அடி. நேற்று உழைத்ததற்கு 'வெண்ட்', உழைத்து முடித்ததற்கு 'கான்' என்று சொல்லிக்கொடுத்தேன். தேர்வுக்கு முந்தின இரவுகூட வெங்காயம் நறுக்கியபடியே மாற்றிச் சொன்னார். இந்தத் தடவை அடி அவர் முழங்கையிலேயே விழுந்தது. நாலு வயதுத் தம்பி மூன்று சக்கர சைக்கிளில் சுற்றிக்கொண்டே பிசகாமல் சொன்னான். அவனைக் காட்டி அம்மாவைத் திட்டினேன். லாரி ஓட்டும் அப்பாவுக்கு வேறு கவலை.

"இங்க எல்லாம் கிலோமீட்டர்தானே லா. மைலுன்னா ஒத்துக்குவாங்களா?"

வகுப்பைக் கெடுக்கிறார் என்று அவரை வெளியே அனுப்பினேன்.

தேர்வன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மா, வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டார்.

"கெடைச்சிருச்சும்மா. முழுக்க முழுக்க உன்னாலதான்."

நான் சும்மா இருப்பேனா? எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு டியூஷன்கூட ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே அழுதுகொண்டு ஓடிவிட்டார்கள். படிப்பு ஏறாத ஜென்மங்கள் என்று முடிவுகட்டினேன்.

பல வருடம் கழித்து என் கல்யாணப் பந்தியில், அம்மாவோடு வேலை செய்த அக்கா ஒருவர் என் கணவரிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மஞ்சள் தொப்பி கிடைத்த அன்றைக்கே அம்மா அவரிடம் சொன்ன கதையாம். தேர்வு நடந்தது முழுக்க மலாயில். புதிதாக வரும் பெண்களுக்கு எப்படி வேலை சொல்லிக்கொடுப்பாய் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். அம்மா சிவந்த முழங்கையைக் காட்டி, என் மகள் எனக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி மட்டும் செய்ய மாட்டேன் என்றாராம். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

மணக்கோலத்தில் எனக்கு மானம் போயிற்று. ஆனால் அன்று வாசலில் அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எப்படி என்னால் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.