புயலில் பயப்பட மறுத்தவர்

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் சேர்ந்து, கடல் கடந்து புதுநிலம் தேடிப் போன பெண்களைப் பற்றி ஒரு நாடகம் போட்டோம். படகோட்டியாக நடித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டு விசாவுக்காக லொட்ஜில் காத்திருந்த ஒரு பெண். மெலிந்த உருவம். ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு நிற்பார்.

புயல் காட்சியில் அவர் முகம் அசையவேயில்லை.

"அக்கா, கொஞ்சம் பயப்படுங்கோவன்," என்றார் நெறியாளர்.

"ஏலாது தம்பி. கிளாலிக் கடலை வள்ளத்தில கடக்கேக்க என்ர பிள்ளையள் ரெண்டும் மடியில இருந்ததுகள். என்ர முகம் மாறினா அதுகள் கத்தும். கத்தினா ரோந்து வாற நேவிக்குக் கேக்கும், சுடுவாங்கள். படகோட்டுறவளும் அப்பிடித்தான் இருந்திருப்பாள்."

அரங்கேற்றத்தன்று புயல் காட்சியின் நடுவே மின்சாரம் போய்விட்டது. அந்த நாட்களில் திடீர் இருட்டென்றால் குண்டு என்றுதான் நினைப்போம். சபையில் கதிரைகள் இழுபட்டன.

"ஒருத்தரும் எழும்பாதேங்கோ! கரை கிட்டத்தான்!" என்று அவர் தன் வசனத்தையே உரத்துச் சொன்னார். சனம் அப்படியே அமர்ந்தது. வெளிச்சம் வரும்வரை அவர் காட்சியை நிறுத்தவில்லை.

மேடைப் படகில் பயணியாக அவர் பக்கத்தில் இருந்த நான் இருட்டில் அவர் கையைப் பிடித்திருந்தேன். அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தைக் குரலுக்கு வரவிடாமல் எப்படித் தடுத்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.