பீமராவ் வாய்விட்டுச் சொன்ன நோய்

பொன்மலை ரயில்வே பணிமனையில் இரும்பைத் தேய்த்துச் சீராக்கும் கிரைண்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பீமராவ். காட்டூரில் வீடு. பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். தெருவில் யார் வீட்டு மோட்டார் ரிப்பேர் என்பதுகூட அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும். ஆனால் சிறுநீர் போகச் சிரமப்படுவதை மட்டும் மனைவி சுபலட்சுமியிடம்கூட அவர் சொல்லவில்லை.

உப்பிலியபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ரசத்துக்கு முன்பே இலையை விட்டு எழுந்து ஓடினார். வீடு திரும்பியதும் சுபலட்சுமி நேராகவே கேட்டார்.

"என்னங்க, நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். டாக்டர்கிட்ட போலாம் வாங்க."

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."

"அதை டாக்டர் சொல்லட்டும்."

தில்லை நகரில் சிறுநீரியல் மருத்துவர் லக்ஷ்மணன் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். புராஸ்டேட் சுரப்பியில் கோளாறு இருந்தால் ரத்தத்தில் ஏறும் பி.எஸ்.ஏ. அளவு கூடுதலாக இருந்தது.

"இதை மட்டும் வச்சு கேன்சர்னு சொல்ல முடியாது. புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தாலும் ஏறும். முதல்ல எம்.ஆர்.ஐ. எடுப்போம். சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா, அந்த இடத்துலேர்ந்து ஊசியில கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கலாம்."

கேன்சர் என்ற சொல்லுக்குப் பிறகு பீமராவின் காதில் எதுவும் ஏறவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் கேட்டபோது சுபலட்சுமிதான் டிக்கெட் வாங்கினார்.

ஸ்கேன் சென்டரில் பானு என்ற பெண் ஒவ்வொன்றாக விசாரித்தாள். பேஸ்மேக்கர் இருக்கிறதா, உடம்பில் பிளேட், ஸ்குரூ உண்டா?

"கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் விழுந்திருக்கா சார்?"

"இல்லம்மா."

"விழுந்திருக்கு," என்றார் சுபலட்சுமி. "கண்ணு செவந்து கட்டுப் போட்டுக்கிட்டு வந்தீங்களே, மறந்துட்டீங்களா?"

பீமராவ் அசட்டுத்தனமாகச் சிரித்தார். பானு சிரிக்கவில்லை. உள்ளே துகள் மிச்சமிருந்தால் மெஷினின் காந்தம் அதை அசைத்துவிடும், கண்ணுக்கே ஆபத்து என்று விளக்கினாள். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். துகள் எதுவும் இல்லை.

காதை அடைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். பயமாக இருந்தால் அதை அழுத்த வேண்டும். மெஷின் தடதடவென்று இரைந்தது. பணிமனை இரைச்சலில் ஆயுளைக் கழித்தவருக்கு அது தாலாட்டாகிவிட்டது. சற்று நேரத்தில் ஸ்பீக்கரில் பானுவின் குரல் கேட்டது.

"சார், தூங்கறதுன்னா தூங்குங்க. குறட்டை விட்டா உடம்பு ஆடுது, படம் கலைஞ்சிடும்."

வெளியே வந்தவர் இதைச் சொல்லிச் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு சுபலட்சுமியும் சிரித்தார்.

படத்தில் சந்தேகப்படும்படி ஒரு சிறிய புள்ளி தெரிந்தது. அந்த இடத்தைக் குறிவைத்துச் சதை எடுத்தார்கள். முடிவு வந்த அன்று லக்ஷ்மணன் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"கேன்சர்தான். ஆனா ரொம்ப மெதுவா வளர்ற வகை, சுரப்பியைத் தாண்டி எங்கேயும் போகலை. இப்ப ஆபரேஷன் வேணாம். அப்பப்ப ரத்தம் பாப்போம், ஸ்கேன் எடுப்போம். மாறுச்சுன்னா உடனே வைத்தியம் பண்ணிடலாம். சிறுநீர் சிரமம் சுரப்பி வீக்கத்தால. அதுக்கு மாத்திரை தரேன்."

"உள்ள வச்சுக்கிட்டு சும்மா இருக்கறதா டாக்டர்?" என்று கேட்டார் சுபலட்சுமி.

"சும்மா இல்லம்மா. கண்காணிக்கறோம். அதுவும் வைத்தியம்தான்."

அன்றிரவு பீமராவுக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போனவர், டீக்கடையில் பழைய கூட்டாளிகளிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். எல்லாரும் கலைந்த பிறகு பஷீர் அகமது மட்டும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ராவ், எனக்கும் அதே தொந்தரவுதான். வீட்ல சொல்லலை."

"நாளைக்கே போவோம் பாய். நான் கூட வரேன்."

பஷீருக்கு வெறும் வீக்கம்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி மாத்திரைச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பீமராவின் அடுத்த ஸ்கேனிலும் புள்ளி வளரவில்லை. இப்போது பரிசோதனைக்குப் போகும் நாட்களில், காத்திருப்பவர்களிடம் அவரே பேச்சுக் கொடுக்கிறார். உள்ளே கூப்பிட்டால், பேச்சு பாதியில் நிற்கிறதே என்று அவர் முகம் வாடிவிடுகிறது என்று சுபலட்சுமி சொல்கிறார்.