கரண்டி கடந்த தெரு

இன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் தூக்குவாளியிலிருந்து நோன்புக் கஞ்சி வாசனை வந்தது.

திருவொற்றியூரில் எங்கள் வீடு அப்படியேதான் இருக்கிறது, தெருவைத்தான் காணோம். பத்தடி எடுத்து வைத்தால் எதிர்வீடு வந்துவிடும் தெரு அது. நோன்பு மாதத்துச் சாயங்காலங்களில், தான் ருசி பார்க்கக் கூடாது என்பதால், எதிர்வீட்டு கைருன்னிசா சித்தி கொதிக்கும் கஞ்சியைக் கரண்டியில் மொண்டு, சிந்தாமல் அடியில் இன்னொரு கையை ஏந்தி, பம்படிக் குடங்களையும் கோலி ஆடும் எங்களையும் தாண்டி, ஆவி அடங்குவதற்குள் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்.

"யக்கா, உப்பு பாரு."

அம்மா உறிஞ்சிவிட்டு, "இன்னாடி, கடலையே மொண்டு ஊத்திட்டியா?" என்பாள்.

அம்மா கிருத்திகை விரதம் இருந்தால் எங்கள் சாம்பார்க் கரண்டி அந்தப் பக்கம் போகும்.

கண்டெய்னர் லாரிக்காக எங்கள் வாசல்களை இடித்துத் தெருவை ரோடாக்கி, நடுவில் நெஞ்சளவு சுவர் வைத்தார்கள். நடக்கிறவர்களை எவனும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போக இப்போது சிக்னல்வரை நடந்து சுற்ற வேண்டும். அம்மாவுக்கும் சித்திக்கும் முட்டி தேய்ந்துவிட்டது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா போனில் இருந்தாள். சித்தியின் குரல் போனைத் தாண்டி வெளியே கேட்டது.

"யக்கா, கஞ்சி எறக்கப்போறேன். உப்பு சரியா கீதா?"

அம்மா வெறும் நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"கீதுடி. எறக்கு."