மூன்று விரல் நுழையும் அளவு

முதுகுவலி, முட்டிவலி என்று வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்க்கலாம். தாடைக்காரர்களிடம் அது நடக்காது, பழுதாகி வந்திருப்பதே வாய்தான். திருத்தணியில் பிசியோதெரபி நிலையம் வைத்திருக்கிறேன். மலையேறி முட்டி பிடித்துக்கொண்டவர்கள்தான் அதிகம். நடுநடுவே தாடைத் தசை இறுகியவர்களும் வருவார்கள். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிந்தால் நலம். கொட்டாவிக்கே பயந்து வாழ்ந்தவர் நீங்கள் என்றால், மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

எல்லைப் பக்கத்து ஆள்

ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டிலிருந்து நெசவாளி ஒருவர் வந்தார். ஒரு விரல்கூட நுழையவில்லை. பல்லைப் பிரிக்காமலே ஏதோ நீளமாகச் சொன்னார். ஒன்றும் பிடிபடவில்லை. தெலுங்கு போலிருக்கிறது என்று முடிவுகட்டி, என் அரைகுறைத் தெலுங்கிலேயே தைரியம் சொன்னேன். மனிதர் மேலும் மிரண்டுபோனார்.

வெந்நீரில் பிழிந்த துண்டைக் கன்னத்தில் போட்டேன். தசை இளகியதும் மெல்ல நீவிவிட்டேன். வாய் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. முதல் வேலையாக அவர் சொன்னார்:

"மேடம், நான் வந்ததுலேர்ந்து தமிழ்லதான் பேசிகினு கீறேன். நீங்கதான் தெலுங்குல என்னமோ திட்டிகினே இருந்தீங்க."

வீட்டு வைத்தியம்

அரக்கோணத்து ரயில்வே ஊழியர் ஒருவருக்கு, வீட்டில் சூட்டு ஒத்தடம் கொடுங்கள், மெத்தென்று சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த தடவை வந்தபோது தாடை நன்றாகவே இளகியிருந்தது. எதில் ஒத்தடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"இட்லிய துணில கட்டி வெச்சேன் மேடம். ஆறுனதும் சட்னி தொட்டு சாப்ட்டுட்டேன். நீங்க சொன்ன ரெண்டும் ஆச்சுல்ல?"

எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா எங்கள் தெரு டீச்சர், சர்ச்சில் பாடுகிறவர். மகள் கல்யாணத்தில் தானே பாட வேண்டும் என்று ஆசை. கல்யாணம் நெருங்கியபோது தாடை பூட்டிக்கொண்டது. தினமும் ஒத்தடம், நீவல், நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டிவைத்து மெதுவாக வாய் திறக்கும் பயிற்சி. இளகும், மறுநாள் திரும்ப இறுகிவிடும்.

ஒருநாள் கவனித்தேன். மகள் பெயரை எடுத்தாலே என் விரலுக்குக் கீழே தசை கல்லாகிறது. "என்னக்கா?" என்றேன். "ஆங், ஒண்ணுமில்ல" என்றவர், நான் நீவிக்கொண்டிருக்கும்போதே தானாகச் சொன்னார்: "அவ போய்ட்டா வீட்ல நான் மட்டும்தான். இத யார்கிட்ட சொல்றது, பல்லக் கடிச்சிகினு இருக்கேன்." அப்புறம் அழுதார். நான் கையை எடுக்கவில்லை. அன்றைக்குப் பிறகுதான் தாடை நிலையாக இளக ஆரம்பித்தது.

கல்யாணத்தன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உச்சத்துக்கு அவர் குரல் ஏறியபோது என் வாயும் தானாகத் திறந்துகொண்டது. பாதிப் பாட்டில் அவர் குரல் உடைந்தது. மகள் எழுந்து வந்து பக்கத்தில் நின்று மீதியைச் சேர்ந்து பாடினாள். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல அழுது பாட்டக் கெடுத்துட்டேன். ஆனா வாய் நல்லாத் தொறந்துச்சு, பாத்தியா?"

வாயைத் திறந்துவிடும்வரைதான் நான் படித்த படிப்பு. அதற்கப்புறம் அதிலிருந்து வருவதையெல்லாம் கேட்டுக்கொள்வது என் பாடு.