கராஜ் வாசலில் வைக்காத விளக்கு

ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கு யாராவது பனி தள்ளும் மெசின் கொண்டுவருவார்களா? அம்மாவின் அண்ணன், என் மாமா, கொண்டுவந்தார். மாமியை அங்கே விட்டுவிட்டு, இரண்டு சூட்கேசோடு வந்து நோர்பரியில் எங்கள் மேல் அறையில் குடியேறினார். மெசின் பின்னால் கப்பலில் வந்தது. கொஞ்ச நாளைக்குத்தான் மாமா இருப்பார் என்றார்கள். எனக்கு எட்டு வயது. ஏன் என்றெல்லாம் நான் கேட்கவில்லை.

லண்டனில் பனி விழுவதே பேருக்குத்தான். விழுந்தாலும் மத்தியானத்துக்குள் கரைந்து சேறாகிவிடும். எங்கள் முன்வாசலோ ஒரு கார் நின்றால் நிறைந்துவிடும். அந்த வாசலுக்கு, என் உயரத்தில், வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிவப்பு மெசின்! மாமா அதைக் கராஜில் நிறுத்தி, தொட்டி நிறையப் பெற்றோல் ஊற்றி, சனிக்கிழமைகளில் துணியால் துடைத்துக் கொஞ்சுவார்.

கராஜுக்கும் சமைக்கிற குசினிக்கும் நடுவில் ஒரு கதவுதான். மூன்றாவது வருஷம் கோடை முடிந்தபோது அந்தக் கதவிடுக்கால் பெற்றோல் மணம் வரத் தொடங்கியது. சொதியும் மணந்தது, என் பள்ளிக்கூடச் சட்டையும் மணந்தது. அம்மா அதை அமுக்க ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தா. அப்பா ஓடிவந்து அணைத்தார்.

"வீட்டைக் கொளுத்தப் போறீரோ?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டு மாமாவிடம் திரும்பினார். "மச்சான், அது எங்கையோ ஒழுகுது. பெற்றோலை எடுத்துப்போட்டு வையுங்கோவன்."

"ஒழுகேல்லை. பனி வந்தால் உடனை ஸ்டார்ட் பண்ண வேணும்."

"எங்கை வரப்போகுது?"

"வரும்," என்றார் மாமா. பிடிவாதத்தில் அவரை வெல்ல எங்கள் பரம்பரையிலேயே ஆள் இல்லை.

கார்த்திகை விளக்கீடு வந்தது. வாசல் வாசலாக விளக்கு வைக்காவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கொளுத்திய மண் சிட்டி விளக்குகளைத் தட்டில் வைத்து என்னிடம் தந்து, "ஒரு வாசலும் விடாதை பிள்ளை," என்றா.

நான் சொல்வழி கேட்கிற பிள்ளை. முன்வாசல், கேற்றடி எல்லாம் வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனேன். அதுவும் வாசல்தானே. பெரிய கதவின் அடியில் நிலம் ஈரமாக இருந்தது. ஈரமில்லாத இடம் பார்த்து, கடைசி விளக்கோடு குனிந்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து சுடரை வெறும் உள்ளங்கையால் பொத்தியது. இன்னொரு கை என்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டது. வேலையால் திரும்பி வந்த மாமா. அவர் ஏசவில்லை. என்னை இறக்கியும் விடவில்லை. புதுச் சட்டையில் எண்ணெய் ஊற்றுப்பட்டதற்காக நான் அழுதேன்.

கேற்றடி விளக்கையும் முன்வாசல் விளக்கையும் மாமாவே அணைத்தார். "லைற் ஒண்டும் போடாதேங்கோ," என்று எல்லாரையும் வெளியே எடுத்தார். கராஜ் கதவை முழுதாகத் திறந்து காற்றோட விட்டு, தெருவிளக்கு வெளிச்சத்திலேயே பெற்றோலைக் கானில் இறக்கினார். தொட்டியிலிருந்து போகும் றப்பர்க் குழாய் வெடித்திருந்தது. சிந்தியதன்மேல் மண் போட்டார். அம்மா அணைந்த விளக்குகளோடு தெருவோரம் நின்றா.

எல்லாம் முடிந்ததும் மாமா சுற்றுமதிலில் ஏறி இருந்து, ரெலிபோன் கார்ட் நம்பரை அழுத்தி மாமிக்கு எடுத்தார். நான் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன்.

"நான்தான்," என்றார். "அங்கை பனி தொடங்கீற்றுதோ? உமக்கு வாசல் தள்ள ஆர் இருக்கினம்?" நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஓம். பிழை என்ரதான்," என்றார்.

மணம் போனபிறகு அம்மா விளக்குகளைத் திரும்பக் கொளுத்தினா. கராஜ் வாசலை மட்டும் விட்டுவிட்டா.

அடுத்த கிழமை மாமா ரொறன்ரோவுக்குப் புறப்பட்டார். "மெசினைக் கொண்டு போகேல்லையோ மாமா?" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. இனித் தேவையில்லை."

வளர்ந்தபிறகு அம்மா சொன்னா. சண்டை பிடித்துக்கொண்டு வந்தபோது, முதல் பனி விழுந்ததும் வாசல் தள்ள வழியில்லாமல் மாமி தன்னைக் கூப்பிடட்டும் என்றுதான் மாமா அந்த மெசினையும் அங்கே விடாமல் கப்பலில் அனுப்பிவைத்தாராம். மாமியோ அவருக்குக் குறையாத பிடிவாதக்காரி. வருஷா வருஷம் சவளை எடுத்துக் கையாலேயே பனியைத் தள்ளினாவே தவிர, போனைத் தொடவில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? விமான நிலையத்தில் கையாட்டிக்கொண்டு நின்றபோது மாமாவை நினைக்கப் பாவமாக இருந்தது. பனி கொட்டுகிற ஊருக்குப் போகிற மனிதன், பனி தள்ளுகிற மெசினை வேண்டாமென்று இங்கே விட்டுவிட்டு, அப்படிச் சிரித்துக்கொண்டு போகிறாரே என்று.