அவர் பார்த்த ஸ்குவா

ஒன்பது வருஷமாக மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களை ஒன்று விடாமல் சுற்றி, பறவைகளைப் பார்த்துக் குறித்து வைக்கிறவள் நான். என் வீட்டுக்காரருக்குக் கொக்கும் நாரையும் ஒன்றுதான். கடலில் பறவை பார்க்க நான் கிளம்பியபோது, "படகுல தனியா போக வேணாம், நானும் வாரேன்" என்று முறுக்குப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

தை மாதம். தூத்துக்குடியில் படகேறினோம். எங்கள் பறவைக் குழுவில் இன்னும் நான்கு பேர். குளிர்காலத்தில் நம் கடலுக்கு வந்துபோகும் ஸ்குவாவை ஒரே ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆலா என்கிற வெள்ளைக் கடற்பறவைகளை விரட்டி, அவை பிடித்த மீனைப் பிடுங்கித் தின்கிற அடாவடிப் பறவை அது. படத்தில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமே ஆகியிருந்தது.

கரை மறைவதற்குள் குடலைப் புரட்டியது. கண்மாய்க்காரிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகின் பின்பக்கம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தார். அப்போதுதான் கத்தினார்.

"ஏய், அங்கிட்டுப் பாரு! கருப்பா, அம்புட்டுப் பெருசா ஒண்ணு, அந்த வெள்ளக் குருவிய விடாம வெரட்டுது. அடேயப்பா, வாயில இருந்த மீனக் கக்க வச்சுப் புடுங்கிருச்சு!"

நிமிர்ந்தேன். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருஷம் வெயிலில் காய்ந்தவள் நான். முறுக்குத் தின்ன வந்த மனுஷனுக்குக் காட்சி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த நிமிஷம் அவரைக் கடலில் தள்ளிவிடலாமா என்றுகூட இருந்தது.

முன்பக்கம் நின்ற குழுக்காரர் ஒருவர் ஓடிவந்தார். "என்னண்ணே பாத்தீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "காக்கா."

"காக்காயா? கடலுக்குள்ள இம்புட்டுத் தூரம் வருமா?" என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

"வரும்."

வந்தவர் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு மறுபடியும் குமட்டியது. அவர் மறுபடியும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

மதுரைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அவருடைய தங்கச்சி போன் செய்தாள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருப்பாள் போல.

"நானும் என்னமோ அதிசயத்தப் பாத்துட்டேன்னு கத்திட்டேன்மா. காக்காதானாம். நமக்கென்ன தெரியும்? ஒன் மதினி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.