பெட்டி போட்டோவில் லில்லி

ஜோசஃபின் அத்தையிடம் ஒரு போட்டோவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. இது யார், எந்த வருஷம், பக்கத்தில் நிற்பவர் எந்த வீட்டு மாப்பிள்ளை என்று குடைந்தெடுத்துவிடுவார். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர், சும்மா விடுவாரா? பிறகு மழுங்கிய பென்சிலால் படத்தின் பின்னால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுவார். பேனா என்றால் மை முன்பக்கம் ஊறிவிடுமாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிங்கராஜபுரத்து வீட்டில் அவருக்கென்று இருந்தவை ஏழு ஆல்பங்கள்.

அந்த ஏழிலும் ஒரு முகம் கிடையாது. அத்தையின் தங்கை லில்லி, ஐம்பத்தெட்டில் நாலு வயதில் தொண்டை அடைப்பான் வந்து செத்துப்போனாள். அவளை நிறுத்தி ஒரு படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"முகம் மறந்துட்டே வருது டேரில்" என்று அத்தை ஒருநாள் சொன்னார். "முன்னெல்லாம் கண்ண மூடினா வருவா. இப்ப அந்த வெள்ளக் காலர் வச்ச கவுன் மட்டும்தான் வருது."

கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

ஆல்பத்துக்கு அத்தை போட்ட சட்டம் ஒன்றுதான். பெட்டி போட்டோ சேராது. எங்கள் சனத்தில் சாவு விழுந்தால் சவப்பெட்டியை வாசலில் திறந்துவைத்து, குடும்பமே சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். எடுப்பதோடு சரி, அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. அத்தையின் அப்பாவுக்கு ஐம்பத்தேழில் எடுத்தது ஒரு காக்கி உறைக்குள் டிரங்கின் அடியில் கிடந்தது. அத்தை அதைப் பிரித்ததே இல்லை.

தொண்ணூற்றொன்பது டிசம்பரில், அத்தை பூசைக்குப் போயிருந்த நேரம் நான் பிரித்தேன். என் கை சும்மா இருக்காது. பெட்டிக்குள் தாத்தா. சுற்றிலும் சொந்தக்காரர்கள். வலது ஓரமாகப் பத்து வயது ஜோசஃபின், அவளை அடுத்துக் கடைசியில் யாரோ ஒரு பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை. வெள்ளைக் காலர் வைத்த கவுன். முகம் மட்டும் ஈரக்கை பட்ட எழுத்து மாதிரி கலைந்திருந்தது. படம் எடுக்கும்போது அசைந்துவிட்டது.

அத்தை வந்ததும் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். படத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போட்டோக்காரரு கறுப்புத் துணிய தலையில போட்டுக்கினு குனிஞ்சாரு. இவ பயந்து அழுதா. நான்தான், லில்லி, அக்காவப் பாருன்னு கூப்பிட்டேன். திரும்பிட்டா."

படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நான் வாய மூடிக்கினு இருந்திருந்தா முகம் விழுந்திருக்கும்டா" என்றார். அழுதார். எனக்கு ஏன்தான் பிரித்தோமோ என்று ஆகிவிட்டது.

மறுநாள் ஸ்டூடியோ சந்தானத்திடம் போனோம். மனுஷனுக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது, உற்சாகம் தாங்கவில்லை. "பெட்டிய எடுத்துடலாம் மேடம். பாப்பாவுக்குக் கண்ணு மூக்கு வச்சிக் குடுக்கறேன். தெரியவே தெரியாது."

"யாரு மூக்க வப்பீங்க?" என்று கேட்டார் அத்தை. சந்தானம் என்னைப் பார்த்தார்.

"வேணாம்பா. இருக்கற மாதிரியே ஒரு காப்பி போடுங்க."

அந்தக் காப்பியை அத்தை முதல் ஆல்பத்தின் முதல் பக்கத்தில், நாலு மூலையிலும் காகித முக்கோணம் ஒட்டிச் செருகினார்.

புதுவருஷத்தன்று என் அப்பா டென்சில் வந்தார். அத்தைக்கு அண்ணன். அந்தப் படத்தில் பன்னிரண்டு வயதுப் பையனாக நிற்பவர். ஆல்பத்தைத் திறந்தவர் முகம் சுளித்தார்.

"நல்ல நாளு அதுவுமா, பிரிச்சதும் சாவா ஜோசி? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

சொல்லிக்கொண்டே படத்தை உருவி எடுத்தார். அத்தை தடுக்கவில்லை. அப்பா அதைக் கவிழ்த்து வைக்கப் போனபோது பின்பக்கம் கண்ணில் பட்டது. இடமிருந்து வலமாகப் பெயர்கள். கடைசி வரியை அப்பா வாய்விட்டே படித்தார்:

"ஜோசஃபின். லில்லி, அக்காவைப் பார்க்கிறாள்."

"நீ கூப்பிட்டியா அப்ப?" என்று கேட்டார்.

"கூப்பிட்டேன்."

அப்பா நாலு மூலையையும் பார்த்துப் பார்த்துத் திரும்பச் செருகினார்.